கடல் காற்று ஆகாது

டிசம்பர் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சட்டை மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் பாதி நாள் போய்விட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையை இன்னும் தோளுக்கு மேலே தூக்குவதில்லை. முடியவில்லையா, மனசில்லையா என்று எனக்குச் சில நாள் சந்தேகம் வரும். வந்ததும் என் மேலேயே எரிச்சலும் வரும்.

மதியம் கோயமுத்தூரிலிருந்து சம்பந்தியம்மா தேன்மொழி வீடியோ காலில் வந்தார். தலைப் பொங்கல் முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் ஒரு வாரம் எங்காவது போய்வரலாம் என்கிறார். கல்யாண அலைச்சலில் நாம் உட்கார்ந்து பேசவே இல்லையே என்றார். அவர் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரிக்குச் சோழர் கோயில் என்றால் பைத்தியம். என் மருமகள் சங்கவிக்குக் கடல்தான் வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்துத் திட்டம்: தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தரங்கம்பாடி, பாண்டிச்சேரி, மாமல்லபுரம். ஆறு பேருக்கு ஒரு வேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் கட்டிலில் இருந்தார். கடல் என்ற சொல் காதில் விழுந்ததும் வாய் கோணியது. எனக்கு அந்த அடையாளம் தெரியும். போனைச் சட்டென்று என் பக்கம் திருப்பிக்கொண்டு, சிக்னல் சரியில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் அழுதார். சந்தோஷத்தில் அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

நானே தேன்மொழியைக் கூப்பிட்டேன். நாங்கள் எல்லோரும் போகலாம், ஆனால் அவர் வர முடியாது என்றேன். ஏன் என்றார். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. “அவருக்குக் கடல் காத்து ஆகாதுங்க சம்மந்தி” என்று வாயில் வந்தது. சொன்னதும் நல்ல காரணமாகத்தான் பட்டது. யாரும் அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள்.

தாராபுரத்தில் என் தங்கை மல்லிகா வீட்டில் ஒரு வாரம் விட்டுவிடலாம். நல்லபடி பார்த்துக்கொள்வாள். வேனில் அத்தனை தூரம் குலுங்கிக்கொண்டு போவது அவர் உடம்புக்கு நல்லதில்லை. இதை அவர் நன்மைக்காகத்தான் செய்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

கேஸ் வந்தது. தோசைக்கு அரைத்தேன். அவர் மதியச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்தார்.

டிசம்பர் 13, வெள்ளி

தேன்மொழி மாதிரி ஒரு நல்ல மனுஷியை நான் பார்த்ததில்லை. நல்ல மனுஷிகளிடம் பொய் சொல்லக் கூடாது, விடவே மாட்டார்கள்.

சம்பந்தி இல்லாமல் என்ன பயணம், கடலே வேண்டாம், தஞ்சாவூர் பக்கத்தோடு திரும்பிவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டாராம். பின்னால், தாய் வீட்டுக்கு வந்திருந்த சங்கவியின் குரல் கேட்டது. “சரிம்மா, மாமாவுக்கு ஆகலைன்னா எதுக்கு” என்றது. கல்யாணம் பேசிய நாளிலிருந்து கடல் கடல் என்று இருந்த பெண்.

ஐயோ அது மட்டும் இல்லை, கோயிலில் வெறுங்காலோடு கல்லில் நடக்க வேண்டுமே, சூடு தாங்க மாட்டார் என்றேன். தை மாதத்தில் கல் என்ன சூடு ஏறிவிடும் என்று அவர் கேட்டார். குக்கர் விசில் அடித்தது, அதைச் சாக்கிட்டுப் போனை வைத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

முடிவாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். கல்லுக்குக் கெட்டியான காலுறை. நடக்கச் சக்கர நாற்காலி, வெள்ளியங்கிரி யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறார். கடலும் உண்டு. கடல் வரும் இடத்தில் மட்டும் அவர் வேனுக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், காற்றே படாது. தேன்மொழிக்கு இதைச் சொல்லும்போது குரலில் அத்தனை நிம்மதி.

நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது.

இவையெல்லாம் ஸ்பீக்கரில்தான் நடந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மகன் மிதுன் பெங்களூரிலிருந்து பேசினான். “அப்பாவும் வர்றாராம்மா?” என்றான். ஆமாம் என்றேன். பிறகு, “சரி, நீங்க பக்கத்துலயே இருந்துக்கங்க” என்றான். கடல் காற்று அப்பாவுக்கு எப்போதிருந்து ஆகாமல் போனது என்று அவனும் கேட்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் அல்லவா.

இதை எழுதியே விடுகிறேன். மாரடைப்பு மாதிரி இதுவும் ஒரு வியாதிதான் என்று டாக்டர் சொன்னார். பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாட்டில் இருக்காது. எதற்கென்று இல்லாமல் வரும், வந்தால் நிறுத்த முடியாது. மனசுக்குள் அப்படி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் கல்யாண மேடையில், போன வருஷம் தவறிப்போன தன் அம்மாவைப் பற்றி வெள்ளியங்கிரி கண்கலங்கிப் பேசியபோது, இவர் ஓவென்று சிரித்தாரே, அந்த நேரத்தில் புரிந்து என்ன. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் துண்டை எடுத்து அவர் வாயில் பொத்தி, இருமல், இருமல் என்றேன். நம்பினார்கள். அன்றிலிருந்து என் தோளில் எப்போதும் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு இருக்கிறது.

இவர் உடுமலை விற்பனைக்கூடத்தில் தேங்காய்க் கொப்பரை ஏலம் விட்டவர். அவர் குரல் கேட்டுத்தான் வியாபாரிகள் வாய் மூடுவார்கள். அந்த மனுஷன் வாயை நான் மூடுகிறேன்.

ஜனவரி 1, புதன்

புது வருஷ வாழ்த்துச் சொல்ல எல்லோரும் வீடியோவில் வந்தார்கள். வெள்ளியங்கிரி நேராக அவரிடமே கேட்டுவிட்டார். “ஏனுங் சம்மந்தி, கடல் காத்து பட்டா உங்களுக்கு என்னுங்க பண்ணும்? அங்கத்த டாக்டர் ஒருத்தர எனக்குத் தெரியும், முன்கூட்டியே சொல்லி வெக்கறேன்.”

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏலத்தில் புது ஆள் தப்பான விலை கேட்டுவிட்டு விழித்தால் ஒரு பார்வை பார்ப்பார், பயப்படாதே என்கிற பார்வை. அதே பார்வை பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, “சளி... புடிக்கும்ங்க” என்றார்.

பக்கவாதத்துக்குப் பிறகு வெளியாட்களிடம் அவர் பேசிய முதல் வாக்கியம். அது என் பொய்.

அடடா, சம்மந்தி நல்லாப் பேசறாரே என்று தேன்மொழி கை தட்டினார்.

ஜனவரி 2, வியாழன்

மிதுனுக்கு மொட்டை அடித்த வருஷம் திருச்செந்தூர் போனோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அலை வரும்போதெல்லாம் ஏலம் விடுவது மாதிரி கத்தினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை கட்டிப்போனது. கரையேறியதும் என்னிடம், “மணி, வருசம் ஒருக்கா வந்துரோணும்” என்றார். தோப்பு, மாடு, வேலை என்று அப்புறம் போகவே இல்லை.

எதற்கு இதை இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

ஜனவரி 15, புதன்

தலைப் பொங்கல் சீரோடு சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பித்தளைப் பானை, கரும்பு, துணிமணி. அவருக்கென்று தனியாக ஒரு பை. உள்ளே கம்பளி மப்ளர், குரங்குக் குல்லா, காதில் வைக்கப் பஞ்சு, கெட்டிக் காலுறை இரண்டு ஜோடி. தேன்மொழி ஊட்டியில் சொல்லி வாங்கிவந்தாராம். குல்லாவை அங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்டுக்கொண்டார். சங்கவி போட்டோ எடுத்தாள்.

உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். பருப்பு தீய்கிற வாசம் வருகிறது என்று நான் உள்ளே போனேன். பருப்பு ஒன்றும் தீயவில்லை.

ஜனவரி 20, திங்கள். தஞ்சாவூர்

நேற்று முழுக்க வேன். இன்று பெரிய கோயில்.

சக்கர நாற்காலியை வெள்ளியங்கிரியே தள்ளினார். நான் தள்ளுகிறேன் என்றாலும் விடவில்லை. நந்திக்கு முன்னால் நிறுத்தி, மண்டபம் யார் கட்டியது, கோபுரம் யார் கட்டியது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார். பார்த்தபடியே வாய் கோணத் தொடங்கியது.

நான் துண்டோடு பாய்ந்தேன். கண்ணில் தூசி, கண்ணில் தூசி என்று முகத்தை மூடினேன். வெயில் வேறு ஏறிவிட்டது, வேனுக்குப் போய்விடுகிறோம் என்று நாற்காலியைப் பிடுங்கித் திருப்பினேன். அவர் தலை மட்டும் பின்னாலேயே திரும்பியிருந்தது. கருவறை வரைக்கும் அவரைக் கொண்டுபோகவில்லை. மற்றவர்கள் திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டார்கள்.

சாயங்காலம் ஓட்டல் அறையில் அவருக்கு இட்லி ஊட்டினேன். “பாக்கல” என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஜனவரி 22, புதன். தரங்கம்பாடி

டேனிஷ்காரர் கோட்டைக்குப் பக்கத்தில் வேன் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் கடல். தேன்மொழி தன் கையால் அவருக்கு மப்ளர் சுற்றி, குல்லா மாட்டி, காதில் பஞ்சு வைத்தார். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கிறதா என்று டிரைவரிடம் இரண்டு தடவை கேட்டார். வெள்ளியங்கிரி இறங்கவே இல்லை. “சம்மந்திய ஒண்டியா உட்டுட்டு நான் போய் என்ன பண்றதுங்க. நீங்க போய்ட்டு வாங்க” என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக இந்தக் கோட்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த மனுஷன்.

நான் போனேன். சங்கவி கையைப் பிடித்து இழுத்தாள், அலையில் நின்றேன். புடவை நனைந்தது. தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வேன் கண்ணாடியில் குல்லாவும் மூக்கும் மட்டும் தெரிந்தன. அசையவே இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கலாம். நடந்து போவதற்குள் என்னென்ன சொல்வது என்று சேர்த்துக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்தால் வெள்ளியங்கிரி, “சீக்கிரம் சாத்துங்க சம்மந்தி, காத்து” என்றார். ஏறி உட்கார்ந்து சாத்திக்கொண்டேன்.

எத்தனை தைரியமானவள் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள்.

ஜனவரி 23, வியாழன். பாண்டிச்சேரி

கடலைப் பார்த்த அறைகள் மூன்று எடுத்திருந்தார்களாம். தேன்மொழி முன்கூட்டியே பேசி எங்கள் அறையை மட்டும் பின்பக்கம் மாற்றியிருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் ஓட்டல் சமையலறையின் புகைபோக்கி. அவர்கள் எல்லோரும் சாயங்காலம் கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் டிவி பார்த்தோம். கத்தரிக்காய் வதக்கும் வாசம் வந்தது.

“நீ போ” என்றார்.

போகவில்லை. போகாததற்கு ஒரு புண்ணியமும் கிடையாது.

ஜனவரி 24, வெள்ளி. மாமல்லபுரம்

வேன் ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு கட்டடத்துக்கு நடுவே கடல் தெரிந்தது. யாரும் சொல்லாமல் அவரே மடியில் இருந்த குல்லாவை எடுத்து இடது கையால் மாட்டிக்கொண்டார். மப்ளரை மூக்கு வரைக்கும் ஏற்றினார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடி மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். முன்சீட்டிலிருந்து வெள்ளியங்கிரி, சம்பந்தி உஷாராகிவிட்டார் என்று சிரித்தார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. வேன் நின்றதும் கதவை அகலத் திறந்தேன். காற்று உள்ளே அடித்தது. தேன்மொழி பதறிக்கொண்டு சாத்த வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவருக்குக் கடல் காத்து ஆகும்ங்க. எப்பவும் ஆகும். நான் பொய் சொன்னனுங்க.”

நிறுத்தினால் மறுபடி பேச மாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். பக்கவாதத்துக்கு அப்புறம் இவருக்கு நினைத்த நேரத்தில் அழுகை வரும், சிரிப்பு வரும், நிறுத்த முடியாது. மேடையில் வந்தது இருமல் இல்லை, சிரிப்பு. உங்கள் முன்னால் இவர் அப்படிச் செய்தால் எனக்கு மானம் போகும் என்று நினைத்தேன். அதனால் வீட்டோடு விட்டுவிட்டு வரப் பார்த்தேன். சொல்லும்போது மிதுன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளியங்கிரி மெதுவாக, “அன்னிக்கு எங்கம்மாவச் சொல்றப்பவா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு பின்சீட்டுப் பக்கம் போய் மப்ளரைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது, அவிழ்க்க நேரமானது.

தேன்மொழிதான் அசையாமல் நின்றார். நான் திட்டுவார் என்று நினைத்தேன். “ரெண்டு நாளா என் கையால அவர மூடி மூடி உக்கார வெச்சனே” என்றார். “என்னைய எதுக்குங்க இதுல சேத்தீங்க?” குரல் உயரவே இல்லை.

மணலில் நாற்காலி உருளவில்லை. வெள்ளியங்கிரி ஒரு பக்கம், மிதுன் ஒரு பக்கம் தாங்கி நடத்திப் போனார்கள். நான் வழக்கம்போலத் துண்டோடு பின்னால். முதல் அலை வந்து அவர் முழங்காலை நனைத்தது. அவர் வாய் கோணியது. தோள் குலுங்கியது. ஓவென்று வந்துவிட்டது. கடற்கரையில் இருந்த ஜனம் திரும்பிப் பார்த்தது. நிலக்கடலை விற்கிறவர் நின்று பார்த்தார்.

அவர் மிதுன் பிடியிலிருந்து இடது கையை உருவினார். அந்தக் கையை என் பக்கமாகப் பின்னால் நீட்டினார். துண்டு கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கொடுத்துவிட்டேன், கை பழகியிருந்தது. வாங்கித் தன் முகத்தைத் தானே பொத்திக்கொண்டார். கடலை முன்னால் வைத்துக்கொண்டு, துண்டுக்குள்ளே அழுதார்.

நான்தான் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

தண்ணீருக்குள் இறங்கித் துண்டைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. “ஏனுங்க, வேண்டாமுங்க, குடுங்க” என்றேன். துண்டுக்குள்ளிருந்து, “பாக்கறாங்க... மணி” என்றார். “பாக்கட்டுமுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதுதான் விரலைத் தளர்த்தினார். எச்சிலும் கண்ணீருமாக முகம் வெளியே வந்தது. அழுகை நடுவிலேயே எங்கேயோ திரும்பிச் சிரிப்பாகிவிட்டது. அது வியாதியா, அவரா, எனக்குத் தெரியவில்லை. அடுத்த அலைக்கு வாயைத் திறந்து ஏதோ கத்தினார். விலையா என்னவோ, சொல் புரியவில்லை. சங்கவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “மாமா, இன்னொன்னு வருது” என்றாள்.

துண்டைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

வீடு. ஒரு மூட்டை அழுக்குத்துணி. அவர் வேட்டி மடிப்பில் இருந்த மணல் துவைக்கும் தொட்டியின் ஓட்டையை அடைத்துக்கொண்டது, குச்சி விட்டுக் குத்தி எடுத்தேன். மாத்திரை தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.

திரும்பி வரும் வழி முழுக்கத் தேன்மொழி என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். தண்ணி வேணுங்களா, ஜன்னல் சாத்தட்டுங்களா. அவ்வளவுதான். நானாக இருந்தால் அதுவும் பேசியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் போன் அடித்தது. தேன்மொழிதான். மன்னிப்புக் கேட்பதற்கு நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரிங்க. சம்மந்திகிட்டக் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போடவில்லை. அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்தார். என் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.